கதவடைக்காத மருத்துவச்சி சிபில் கார்த்திகேசு

  

பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் ஒரு பெரியவருடைய வரலாறு இருக்க வேண்டும் என்பது வழக்கம். காந்தியடிகளையும் பாரதியாரையும் நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே படித்து விடுகிறார்கள். நான் இங்கே எழுத வந்தது நம் நாட்டில் வாழ்ந்த ஓர் அம்மையாரைப் பற்றி. நம் வட சிலாங்கூரின் எல்லையான பெர்னாம் ஆற்றைத் தாண்டிவிட்டால் பேராக் மாநிலம். அங்கே ஈப்போவிலும், அதன் பக்கத்தில் பாப்பான் என்ற சிற்றூரிலும் நோயாளிகளைப் பார்த்துக் கொண்டிருந்த ஒரு தாதி, ஒரு மருத்துவச்சி. பெயர் சிபில் கார்த்திகேசு.

பெயரில் கார்த்திகேசு இருக்கிறதே, தமிழச்சியா என்று கேட்பீர்கள். பிறப்பால் இல்லை. புகுந்த வீட்டால் தமிழச்சி. 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திரா தீவில் உள்ள மேடான் நகரில் பிறந்தவர். தகப்பனார் அயர்லாந்து வழி வந்த யுரேசியர், தோட்டத்துரை வேலை பார்த்தவர். தாயார் மருத்துவச்சி. ஆகவே பிரசவம், பத்தியம், பச்சைப் பிள்ளை என்பதெல்லாம் சிபிலுக்குச் சின்ன வயசிலிருந்தே வீட்டுப் பேச்சாக இருந்திருக்கும். வளர்ந்து அவரும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். சீனரின் காண்டனிஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். பின்னாளில் அந்த மொழியே அவருக்குப் பாதி மருந்தாயிற்று. நோயாளி தன் வலியைத் தன் பாஷையில் சொல்ல முடிந்தால் பாதி நோய் தீர்ந்தது போலத்தானே?

1919ஆம் ஆண்டு கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயிண்ட் ஜான் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர், டாக்டர் கார்த்திகேசு. பெண் கத்தோலிக்க வேதம். மாப்பிள்ளை வீட்டார் சைவர்கள். இந்தக் காலத்திலேயே இப்படி ஒரு சம்பந்தம் என்றால் லயமே இரண்டாகிப் போகும். அந்தக் காலத்தில் பேச்சு எழாமலா இருந்திருக்கும்? பெண் வீட்டில் முதலில் தயங்கத்தான் செய்தார்கள். பிறகு பெரியவர்கள் பேசி ஒத்துக் கொண்டார்கள். முதல் ஆண் குழந்தை பிறந்த மறுநாளே இறந்து விட்டது. அந்தத் துக்கத்தில் வில்லியம் என்ற பையனைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார்கள். அதன்பின் ஓல்கா என்றும் டான் என்றும் இரண்டு பெண் பிள்ளைகள்.

1926ஆம் ஆண்டு ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து கிளினிக் திறந்தார்கள். அந்தச் சாலைக்கு இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று பெயர். ஐயா வைத்தியம் பார்ப்பார், அம்மா பக்கத்தில் நின்று கட்டுக் கட்டுவார், மருந்து கலந்து கொடுப்பார், பிரசவம் பார்ப்பார். பதினைந்து வருஷம் இப்படியே போயிற்று. இந்தப் பதினைந்து வருஷத்தைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. துப்பாக்கியும் சித்திரவதையும் வந்த பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது என்று அங்கே தாவி விடுகிறார்கள். என் எண்ணத்தில், அந்த அம்மாள் உருவானது இந்தப் பதினைந்து வருஷத்தில்தான். காலையில் பூசை, பிறகு கிளினிக், இரவில் எவளுக்கோ இடுப்புவலி என்று ஆள் வந்தால் எழுந்து போவது. கூலிக்காரன் வந்தாலும் அதே கட்டு, முதலாளி வந்தாலும் அதே கட்டு.

பைபிளிலே ஒரு கதை உண்டு. வழியில் கள்ளர் கையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவானவர் பார்த்தும் ஒதுங்கிப் போனார். வேறு சாதிக்காரனான சமாரியன் ஒருவன் நின்று, காயத்துக்கு மருந்து போட்டு, தன் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோய்ச் சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் கதையைச் சொன்ன ஏசுநாதர், அடிபட்டவன் நல்லவனா கெட்டவனா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயிலிலே இதைக் கேட்டுத் தலையாட்டுவது சுலபம். நம் வீட்டு வாசலிலே அடிபட்டவன் வந்து நின்றால்தான் வினை. சிபில் அம்மாளின் வாசலில் அது வந்து நின்றது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போய்விட்டது. அதற்குச் சில நாள் முன்னால் கார்த்திகேசு குடும்பம் சாமான் சட்டியோடு பாப்பானுக்குப் போயிற்று. (ஊர்ப் பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, மலாய் மொழியில் பாப்பான் என்றால் பலகை.) அது ஈயச் சுரங்க ஊர். சீனர்கள் நிறைந்த சிறிய கடைத்தெரு. அந்தத் தெருவில் 74ஆம் எண் கடைவீட்டில் குடியேறி, அங்கேயே மருந்து கொடுக்கத் தொடங்கினார் அம்மையார்.

சப்பான்காரன் காலம் எப்படிப்பட்டது என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நமக்கும் கொஞ்சம் தெரியும். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. வாழைமர நோட்டு அச்சடித்தார்கள். கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் சாமான் வாங்க முடியாது. கொய்னா மாத்திரை கிடைக்காமல் காய்ச்சலில் விழுந்தவர்கள் எழவில்லை. காலில் புண் வந்தால் எலும்பு தெரியும் மட்டும் அரித்தது. தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றி, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. இன்றைக்கும் தாத்தாவின் அப்பா சயாமுக்குப் போனவர் என்று சொல்லும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

அந்தப் பஞ்ச காலத்தில் ஒரு தாதி தன் கதவைத் திறந்து வைத்திருந்தார் என்பதே பெரிய காரியம். முன்வாசலில் ஊர் ஜனங்கள் புண்ணோடும் காய்ச்சலோடும் வந்தார்கள். இருட்டிய பிறகு பின்வாசலில் வேறு ஆட்கள் வந்தார்கள். காட்டுக்குள் இருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கெரில்லாக்கள். குண்டு பட்டவர்கள், மலேரியாவில் நடுங்குகிறவர்கள். அம்மையார் குண்டை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார். மருந்தும் கொடுத்தார். வீட்டுக்குள் ரேடியோப் பெட்டியை ஒளித்து வைத்து, பி.பி.சி. செய்தி கேட்டு அவர்களுக்குச் சொன்னார். ரேடியோ கேட்டது தெரிந்தால் தலை போகும் காலம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கெரில்லாக்களை நடத்தியது கம்யூனிஸ்டுக் கட்சி. கட்சிக்கும் திருச்சபைக்கும் ஏழாம் பொருத்தம். சிபில் அம்மாளோ ஜெபமாலையைக் கையை விட்டு வைக்காத கத்தோலிக்கப் பெண். கடவுள் இல்லை என்கிறவனுக்குக் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு கட்டுக் கட்டியவர் அவர். எனக்கு அந்த அம்மாளிடம் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நம் வேதக்காரனுக்கு, நம் சாதிக்காரனுக்கு, நம் தொங்கல் வீட்டுக்காரனுக்குச் செய்வதை நாம் சேவை என்று சொல்லிக் கொள்கிறோம். அது உறவு முறைக்குச் செய்வது, அதுவும் வேண்டியதுதான். தெரியாதவனுக்கு, நமக்கு ஒத்து வராதவனுக்கு அதே கையால் செய்ய மனசு வருகிறதா என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

1943ஆம் ஆண்டு யாரோ காட்டிக் கொடுக்க, முதலில் கணவர் பிடிபட்டார். பிறகு அம்மையாரும் மகன் வில்லியமும். கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரிடம் கேட்டது பெயர்கள். வந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், யார் கூட்டி வந்தார்கள். அடித்தார்கள். வயிறு உப்பத் தண்ணீரைப் புகட்டினார்கள். இரும்பைக் காய்ச்சிக் காலில் வைத்தார்கள். நகத்தைப் பிடுங்கினார்கள். சிறு பிள்ளைகளும் படிக்கிற மலர் என்பதால் இதற்கு மேல் வேண்டாம். அவர் பெயர் சொல்லவில்லை.

கடைசியில் ஏழு வயது டானைக் கொண்டு வந்தார்கள். தாயின் கண் முன்னால் அந்தக் குழந்தையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் அவர் சொல்லவில்லை. குழந்தை உயிரோடு இறக்கப்பட்டாள், பிழைத்தாள்.

இந்த இடத்தை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, அந்த அம்மாவுக்குத் தன் பிள்ளைமேல் பாசம் இல்லையா சார் என்று கேட்டுவிட்டாள். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. நியாயமான கேள்விதான். பெற்றோர்களே, உங்களில் பலருக்கும் இதே கேள்வி வரும். ஊருக்கு உழைக்கிறேன் என்று சொல்லிக் கொண்டு பெற்ற பிள்ளையைத் தீக்கு மேலே விடலாமா? விடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். அந்தத் தாய் ஒரு பெயர் சொல்லியிருந்தால் பாப்பான் கடைத்தெருவில் எத்தனை வீட்டில் எத்தனை தாய்மார் தலையில் இடி விழுந்திருக்கும்? அந்த வீடுகளிலும் ஏழு வயசுப் பிள்ளைகள் இருந்தன. அவர்களில் சிலருக்கு இவரே பிரசவம் பார்த்திருக்கலாம். டானைக் கட்டித் தொங்கவிட்டது தாய் அல்ல, கெம்பெத்தாய்க்காரன். குற்றத்தை அவன் தலையில் வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும் அந்த மாணவியின் முகம் தெளியவில்லை. என் மனசும் முழுதாகத் தெளிந்து விட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மையாருக்கு இருந்த ஒரே பிடி ஜெபம். அதைத் தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு பத்து காஜா சிறை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பின்புதான் வெளியே வந்தார். அப்போது அவர் தாமாக எழுந்து நடக்கிற நிலையில் இல்லை. விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டு போய் வைத்தியம் பார்த்தார்கள். படுத்த படுக்கையிலிருந்து தம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். அந்தப் புத்தகம் அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து, 1954இல் வெளிவந்தது. வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கத்தைப் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது. சில மாதம்தான் அதை வைத்திருந்தார். விசாரணையின்போது பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடையில் பட்ட காயம் ஆறவே இல்லை. அதிலிருந்து இரத்தத்தில் விஷம் ஏறி, 1948 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் உயிர் பிரிந்தது. வயது 48.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே ஜூன் மாதத்தில்தான் பேராக் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் பிறந்தது. நேற்று ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குப் போனவர்கள் மறுபடியும் காட்டுக்குப் போனார்கள், இந்தத் தடவை அரசாங்கத்தை எதிர்த்து. நம் தோட்டங்களைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது, ஊரடங்கு வந்தது, அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. அம்மையார் கட்டுப் போட்ட கைகளில் சில அந்தக் காலத்தில் மறுபடி துப்பாக்கி எடுத்திருக்கலாம். அதை வைத்து அவர் செய்தது தப்பு என்று பேசுகிறவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் எந்த டிரஸ்ஸரும் எவனுக்கும் ஊசி போட முடியாது. காயம் பட்டவன் நாளைக்கு என்ன செய்வான் என்று ஆரூடம் பார்த்தா மருந்து கொடுப்பது?

உங்கள் வீடுகளிலும் இதன் சிறு பிரதி நடக்கிறது. பக்கத்து வீட்டு ஆயா காய்ச்சலில் கிடந்தால் ஒரு கிண்ணம் கஞ்சி போகிறது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவன் செம்பனைக் குலை வெட்டும்போது கையை வெட்டிக் கொண்டால், பெயர் தெரியாவிட்டாலும் துண்டைக் கிழித்துக் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறார் ஓர் அண்ணன். அப்படிப் போனவர்களுக்கு மேடையில் பரிசு கிடையாது. அவர்களும் எதிர்பார்ப்பதில்லை.

1949ஆம் ஆண்டு சிபில் அம்மாளின் உடலை ஸ்காட்லாந்திலிருந்து ஈப்போவுக்குக் கொண்டு வந்தார்கள். புரூஸ்டர் சாலையில் செயிண்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், அவர் கிளினிக் வைத்திருந்த அதே சாலையில், மறுபடியும் அடக்கம் செய்தார்கள். ஈப்போ பேர் பார்க் வட்டாரத்தில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலா அந்தப் பக்கம் போனால், ஈப்போவிலிருந்து பூசிங் போகும் வழியில் பாப்பான் இருக்கிறது. ஈயம் தீர்ந்து ஜனங்கள் போய்விட்டதால் பழைய கடைவீடுகள் பாதி இடிந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்து நிற்கின்றன. 74ஆம் எண் வீடு அந்தத் தெருவில்தான். முன்பக்கம் பார்த்ததும் திரும்பி விடாதீர்கள். கூட வரும் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, சுற்றிப் போய்ப் பின்பக்கத்தையும் பாருங்கள்.