சட்டத்தைப் படைக்கலமாக்கிய ஆசான்: சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

நீதிமன்றத்தில் வாதாடி வென்றவரை உலகம் போற்றும். அவரைப் பழக்கிய ஆசிரியரை அறிந்தோர் சிலரே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வியுரிமைக்கு வழிவகுத்த சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அத்தகைய ஆசிரியர். கல்விக்கென எழுந்த நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அவருடைய வாழ்வை நம் இளைஞர்கள் அறிதல் நன்றெனக் கருதுகிறோம்.

ஹூஸ்டன் 1895 செப்டம்பர் 3 ஆம் நாள் வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தையார் பகலில் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து, கறுப்பின மக்களுக்கென விளங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் மாலை வேளைகளில் பயின்று வழக்கறிஞரானவர். அன்னையார் பிறருக்குக் கூந்தல் ஒப்பனை செய்து பொருளீட்டியவர். தம் ஒரே மகனுக்கு இருவரும் சிறந்த கல்வியை அளித்தனர்.

1915 இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற ஹூஸ்டன், முதல் உலகப் போரில் படை அதிகாரியாகப் பிரான்சு சென்றார். நாட்டுக்காக உயிர் கொடுக்கச் சென்ற கறுப்பின வீரர்களைச் சொந்தப் படையினரே இழிவுபடுத்தக் கண்டார். உயிருடன் திரும்பினால் சட்டம் பயின்று, எதிர்த்துப் பேச இயலாதவர்களுக்காகப் போராடுவதென உறுதி பூண்டார். 1919 இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் சேர்ந்தார். அதன் புகழ்பெற்ற சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். 1922 இல் சட்டப் பட்டமும் மறு ஆண்டில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1929 இல் ஹோவர்டு சட்டப் பள்ளியை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அது பெரிதும் மாலைப் பள்ளியாகவே இயங்கி வந்தது. வழக்கறிஞர் கழகத்தின் ஏற்பும் அதற்கு இல்லை. ஹூஸ்டன் மாலை வகுப்புகளை நிறுத்தி, முழுநேரப் பள்ளியாக்கினார். நூலகத்தை விரிவுபடுத்தினார், தேர்வுகளைக் கடுமையாக்கினார். 1931 இல் ஏற்பு கிடைத்தது.

இச்செயலைக் கண்டித்தோர் பலர். பகலில் உழைத்துப் பிழைப்போர் இனி எங்கே சட்டம் பயில்வது என்று அவர்கள் கேட்டனர். ஹூஸ்டனின் தந்தையாரே மாலைப் பள்ளியால் உயர்ந்தவர் அல்லரோ! அக்கேள்வியின் நியாயத்தை நாம் மறுக்கமாட்டோம். ஆயினும் ஒடுக்கப்பட்டோருக்குத் தரங்குறைந்த கல்வியே போதும் என்னும் எண்ணத்தை உடைக்க, வேறு எவரினும் குறையாத பள்ளி ஒன்றேனும் வேண்டும் என அவர் துணிந்தார். அத்துணிவுக்கு ஏழை மாணவர் சிலர் விலை கொடுத்தனர் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

அவர் கற்பித்த முறை நம் கருத்துக்கு உரியது. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதை அவர் கல்வியாகக் கொள்ளவில்லை. தீர்ப்புகளைப் படிக்கச் செய்து, வினாமேல் வினாத் தொடுத்து, மாணவரைத் தாமே காரணம் காணவைத்தார். நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் அழைத்துச் சென்று, சட்டம் ஏழையின்மீது எவ்வாறு இறங்குகிறது என்பதைக் காட்டினார். புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ, சட்ட அறிஞர் ராஸ்கோ பவுண்டு போன்றோரை வரவழைத்து உரையாற்றச் செய்தார். சமுதாயத்தைச் சீரமைக்க உதவாத வழக்கறிஞர் சமுதாயத்தை உறிஞ்சி வாழ்பவரே என்பது அவர் கொள்கை.

அம்மாணவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். சொந்த ஊரான பால்டிமோரில் இருந்த மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி கறுப்பினத்தவரை ஏற்காமையால், நாள்தோறும் வாஷிங்டன் வந்து பயின்று, 1933 இல் முதல் மாணவராகத் தேறினார். ஈராண்டுகளில் ஆசிரியரும் மாணவரும் இணைந்து அதே பல்கலைக்கழகத்தின்மீது வழக்காடி, டொனால்டு மர்ரி என்னும் கறுப்பின இளைஞருக்கு அங்கே இடம் பெற்றுத் தந்தனர்!

1935 இல் ஹூஸ்டன் பள்ளியை விட்டு, கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞரானார். அதே ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். கடல் கடந்த இரு நாடுகளில், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைமக்கள் இருவர் சட்ட ஆசிரியராக விளங்கியமை எண்ணத்தக்கது.

ஓயா உழைப்பால் நலிந்த ஹூஸ்டன் 1950 ஏப்ரல் 22 ஆம் நாள், 54 ஆம் வயதில் மறைந்தார். பள்ளிகளில் நிறவேற்றுமை செல்லாதென அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954 இல் அளித்த தீர்ப்பைக் காண அவர் இல்லை. ஆனால் அவ்வழக்கை முன்னின்று நடத்தியவர் மார்ஷல். அதற்கான வாதங்களை ஒத்திகை பார்த்த இடம், ஹூஸ்டன் உருவாக்கிய அதே பள்ளி. 1967 இல் மார்ஷல் உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

நம் இளைஞர்களுள் சட்டம் பயில்வோர் வினாவிடைக் குறிப்புகளோடு நின்றுவிடலாகாது. தீர்ப்புகளை முழுமையாகப் படியுங்கள்; நீதிமன்றத்தில் சென்று அமர்ந்து கவனியுங்கள்; மனு எழுதத் தெரியாமல் அதன் வாயிலில் நிற்கும் நம்மவர் ஒருவருக்கேனும் துணை நில்லுங்கள். பட்டம் பெற்றவர்கள் மாலையில் ஒருமணி நேரம் இளையோருக்குக் கற்பிக்க முன்வாருங்கள். பகலில் உழைப்போருக்கு அன்று அடைபட்ட கதவை, இங்கே நாம் திறந்து வைப்போம்.