உரைப் பேராசான் இமாம் தபரீ

முப்பதாயிரம் ஏடுகளில் திருக்குர்ஆனுக்கு ஓர் உரை சொன்னால் கேட்டெழுத விருப்பமுண்டோ என்று பாக்தாத் நகரத்து ஆசான் ஒருவர் தம் மாணாக்கரை வினவினார். நூல் முடியுமுன் எங்கள் ஆயுள் முடிந்துவிடுமே என அவர்கள் மலைத்தனர். ஊக்கம் மடிந்துபோயிற்றே என வருந்திய ஆசான், உரையை மூவாயிரம் ஏடுகளாகச் சுருக்கிக்கொண்டார் என்பர்.

அவர்தாம் அபூ ஜஃபர் முஹம்மது இப்னு ஜரீர் அத்தபரீ. காஸ்பியன் கடலின் தென்பால் அமைந்த தபரிஸ்தானில், ஆமுல் என்னும் ஊரில் கி.பி. 839 அளவில் பிறந்தார். ஏழாம் வயதில் திருமறை முழுவதையும் மனனம் செய்தார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலிடம் பாடங்கேட்கும் வேட்கையோடு பாக்தாத் நோக்கிப் புறப்பட்டார். ஆனால் அவர் வந்து சேருமுன்பே, 855-இல், அப்பெரியார் மறைந்துவிட்டார். பின்னர் பஸ்ரா, கூஃபா, சிரியா, எகிப்து என அறிவு தேடி அலைந்தார். ஊரிலிருந்து தந்தையார் அனுப்பும் பணம் காலந்தாழ்ந்த ஒரு வேளையில், சட்டையின் கைப்பகுதிகளை வெட்டி விற்று உண்ணவும் நேர்ந்தது.

எகிப்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒன்று பாவலர்க்குச் சுவையானது. யாப்பில் ஐயங்கேட்டு ஒருவர் வந்தார். யாப்பைத் தபரீ அதுவரை கற்றதில்லை. நாளை வருக என அவரை அனுப்பிவிட்டு, கலீல் இயற்றிய யாப்பு நூலை இரவல் பெற்று, அன்றிரவே கற்றுத் தேர்ந்தார். யாப்பறியாதவராய் மாலையை எதிர்கொண்டவர் யாப்பறிஞராய் விடியலைக் கண்டார்.

இப்பயிற்சி வீண்போகவில்லை. 'ஜாமிஉல் பயான்' எனத் தொடங்கும் பெயருடைய அவரது உரையில், அருஞ்சொல் வருமிடங்களில் இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபுப் புலவர் அச்சொல்லை எப்பொருளில் ஆண்டனர் என்பதும் சான்றாக எடுத்துக் காட்டப்படுகிறது. மதுவையும் காதலையும் குலப்பகையையும் பாடிய பழம்பாக்கள், இறைமொழியின் பொருளுக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கின்றன. எனினும் மொழிப்புலமை ஒன்றே போதுமென அவர் கருதினாரல்லர். முன்னோர் வழிவந்த விளக்கத்தைப் புறந்தள்ளி, இலக்கணத்தை மட்டும் துணைக்கொண்டு பொருளுரைப்போரைக் கடுமையாக மறுத்தார். நபிகளாரும் தோழர்களும் அவர்தம் மாணாக்கரும் கூறியவற்றை, யார் யாரிடம் கேட்டார் என்னும் தொடரோடு முதலில் நிரல்படத் தருவார். அதன்பின் தம் தீர்ப்பை உரைப்பார்.

அத்தீர்ப்பில் ஆள் பார்க்கும் வழக்கம் இல்லை. முஜாஹிதின் விளக்கங்களை நூல் நெடுகப் போற்றி எடுத்தாள்பவர், குரங்குகளாக மாற்றப்பட்டோர் பற்றிய வசனத்தில், உருவம் மாறவில்லை, உள்ளமே மாறியது என்ற அவரது கருத்தை ஏற்க மறுத்துவிடுகிறார். தெரியாததைத் தெரியாதென விடும் துணிவும் அவர்க்குண்டு. ஆதம் உண்ட கனி எம்மரத்தது? யூசுஃப் எத்தனை திர்ஹங்களுக்கு விற்கப்பட்டார்? கோதுமை என்றும் திராட்சை என்றும், இருபது என்றும் நாற்பது என்றும் வந்த கூற்றுகளைச் சொல்லிவிட்டு, இறைவன் குறிப்பிடாத ஒன்றை அறிவதால் பயனில்லை, அறியாமையால் கேடுமில்லை என்று முடிக்கிறார். வலுவற்ற செய்திகளையும் அவர் திரட்டிச் சேர்த்தது உண்மையே. அறிவிப்புத் தொடரைக் கண்முன் வைத்துவிட்டதால், ஆய்ந்து கொள்ளும் பொறுப்பு கற்போருடையது என எண்ணினார் போலும். 1373-இல் மறைந்த இப்னு கதீர் அந்தச் சலிக்கும் பணியிற் பெரும்பகுதியைச் செய்தார்.

மணம் புரியாமல் வாழ்ந்தார். நீதிபதிப் பதவி தேடி வந்தபோதும் மறுத்தார். முதுமையில் வந்ததே பெருந்துன்பம். சட்ட அறிஞரின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்த நூலில் இப்னு ஹன்பலை அவர் சேர்க்கவில்லை. அப்பெரியார் நபிமொழி அறிஞரேயன்றிச் சட்ட அறிஞரல்லர் என்பது அவர் துணிபு. யாரிடம் பயில இளமையில் ஏங்கி வந்தாரோ, அவர் பெயரைச் சொல்லியே ஒரு கூட்டம் அவர் இல்லத்தின்மீது கல்லெறிந்தது. நபிகளாருக்கு வாக்களிக்கப்பட்ட புகழ்மிகு நிலை பற்றிய வசனத்திற்கு, மறுமையில் பரிந்துரைக்கும் பேறு என அவர் கண்ட பொருளும் அவர்களுக்கு உவப்பாயில்லை. 923-இல் அவர் உயிர் நீத்தபோது சொந்த வீட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கலகத்துக்கு அஞ்சி இரவிற் புதைத்தனர் என்பாரும், திரளானோர் வந்து தொழுதனர் என்பாரும் உளர்.

அடுத்த சில பத்தாண்டுகளில், சாமானிய அரசர் மன்சூர் இப்னு நூஹ், அரபு அறியாத மக்களுக்காக அவ்வுரையைப் பாரசீகத்தில் ஆக்க விரும்பினார். திருமறையின் பொருளைப் பிறமொழியில் சொல்லலாமா என மார்க்க அறிஞரைக் கேட்டு, அவர்தம் இசைவு பெற்றே பணி தொடங்கிற்று. அவ்வாறு பெயர் பெற்ற பாரசீக நூல் தபரீயின் உரையினின்று பெரிதும் வேறுபடுகிறது என்பது வேறு கதை. மூல அரபு உரையோ, முழுவதும் கிடைக்குமா என அறிஞர் ஏங்கும் நிலைக்கு வந்தது. அரேபியாவின் ஹாயில் நகரிலிருந்து முழுப்படி கிடைத்து, 1903-இல் கெய்ரோவில் முப்பது பாகங்களாக அச்சேறியது. 1950-களில் மஹ்மூத் முஹம்மது ஷாகிர், தமையனார் அஹ்மதின் துணையோடு செம்பதிப்பொன்றைத் தொடங்கினார். 1958-இல் தமையனார் மறைந்தார். தம்பி தனித்துத் தொடர்ந்தும், பதிப்பு பதினாறாம் தொகுதியோடு, இப்ராஹீம் அத்தியாயத்தின் இடையில் நின்றுபோயிற்று.