மண்வீடு கட்டிய மேதை

கட்டடக் கலைஞர்களுள் நான் மிகவும் மதிப்பவர் எகிப்தின் ஹசன் ஃபாத்தி. 1900ஆம் ஆண்டு அலெக்சாண்டிரியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இரும்பும் மரமும் கிடைக்காததால், கூரையையும் சுடாத மண்கல்லாலேயே அமைக்க முயன்றார். வளைகூரைகள் இடிந்து விழுந்தன.

அதற்கான விடை அஸ்வான் பகுதியின் நூபியக் கிராமங்களில் இருந்தது. அங்குள்ள கொத்தனார்கள் மரத்தால் முட்டுக்கொடுக்காமலே, கற்களைப் பின்சுவரில் சற்றே சாய்த்து அடுக்கி வளைகூரை எழுப்பினர். தடித்த மண்சுவர்கள் பாலைவன வெயிலை உடனே உள்ளே விடவில்லை. பட்டதாரியான ஃபாத்தி அவர்களிடம் மாணவரானார்.

லக்சர் அருகே, பண்டைக் கல்லறைகளின்மேல் குடியிருந்த மக்களுக்காக 1946இல் புதிய குர்னா கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். ஆனால் அவர்களின் பிழைப்பு பழைய ஊரோடு பிணைந்திருந்தது. பெரும்பாலோர் இடம்பெயர மறுத்தனர். கிராமம் முழுமை பெறவில்லை.

அந்தத் தோல்வியை மறைக்காமல் நூலாக எழுதினார். அது மண் கட்டடக்கலையின் பக்கம் உலகின் பார்வையைத் திருப்பியது. 1980இல் ஆகா கான் கட்டடக்கலை அமைப்பின் தலைவர் விருது அவரைத் தேடி வந்தது. 1989இல் மறைந்தார்.

பட்டம் பெற்ற பின்னும் கொத்தனாரிடம் கற்றதும், தோற்றதை ஒளிக்காமல் எழுதியதும் அவரிடம் நான் கற்றுக்கொண்ட பாடங்கள்.