பனிக்குள் சுரங்கம் வெட்டிய இன்ஜினியர்

உங்களுக்கு முப்பது வயசு. கவர்மென்ட் இன்ஜினியர். மேலே ஒரு ஏரி நாளுக்கு நாள் ஏறிட்டே இருக்கு. கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஊர்கள். டைனமைட்டை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை. என்ன பண்ணுவீங்க?

1818-ல் இக்னாஸ் வெனெட்ஸ் இதே நிலைமையில்தான் நின்றார். 1788-ல் பிறந்தவர், சுவிட்சர்லாந்தின் வாலே மாநில இன்ஜினியர். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததற்குப் பிறகு ஆல்ப்ஸில் கோடை ஒழுங்காகவே வரவில்லை, பனியாறுகள் வளர்ந்தன. ஜியெத்ரோ பனியாறு மலை விளிம்பிலிருந்து துண்டு துண்டாக விழுந்து, கீழே ஓடும் திரான்ஸ் ஆற்றை அடைத்துவிட்டது. 1595-லும் அங்கே இப்படி அடைத்து, உடைந்து, நூறு பேருக்கு மேல் செத்திருந்தார்கள்.

வெனெட்ஸ் போட்ட பிளான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பனி அணைக்குள்ளேயே ஒரு சுரங்கம். ஏரி ஏறி அதைத் தொட்டதும் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும். ஓடுற தண்ணியே சுரங்கத்தின் தரையைக் கரைச்சுக் கரைச்சுக் கீழே இறக்கும். ஏரி மெதுவா வடியும். வழி மட்டும் நம்மோடது, மீதி வேலை தண்ணியோடது!

மே மாதம் தொடங்கி, மேலேயிருந்து பனிக்கட்டிகள் விழுந்துட்டிருக்கும்போதே, சுமார் 200 மீட்டர் வெட்டினார்கள். ஜூன் 13-ஆம் தேதி வாக்கில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. மூணே நாளில் ஏரி கிட்டத்தட்ட 10 மீட்டர் இறங்கியது.

ஆனால் அணையின் ஓரத்தில், மலையடிவாரத்தில் கிடந்த தளர்ந்த கற்குவியலையும் அந்தத் தண்ணீர் அரித்தது. ஜூன் 16 மாலை அணை உடைந்தது. அரை மணி நேரத்தில் ஏரி காலி. வந்தது வெறும் வெள்ளம் இல்லை. மண், பாறை, மரம், வீடு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மார்ட்டினி ஊர்வரை போனது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தோல்வின்னு சொல்லிடலாமா? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் முன்னாடியே வடிந்திருந்தது. அதுவும் சேர்ந்து வந்திருந்தா மார்ட்டினி என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிங்க.

அந்த இடத்தை அவர் விடவில்லை. மறுபடி பனி சேர்ந்தபோது, வெயிலில் சூடேறிய ஓடைத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து விட்டு, பனியை அறுக்க வைத்தார். பனியாறுகள் தள்ளிவிட்டுப் போன கற்குவியல்களைப் பார்த்து, அவை ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் பரவியிருந்தன என்று கணித்தார். ஆல்ப்ஸ் முழுக்க, யூரா மலைவரைகூட, பனி மூடியிருந்தது என்று 1829-ல் சொன்னபோது பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. பனியுகம் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் லூயி அகாசி. அவரே 1840-ல் வெளியிட்ட புத்தகத்தை வெனெட்ஸுக்கும் ஷார்பான்தியேவுக்கும் சமர்ப்பித்தார்.

வெனெட்ஸ் 1859-ல் இறந்தார். பனி அடைத்த அதே இடத்தருகில் இப்போது 250 மீட்டர் உயர மொவ்வாசின் அணை நிற்கிறது, இது கான்கிரீட்.