தலைச்சுற்றலை ஆராய்ந்த மருத்துவர் ராபர்ட் பாரனி

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டவர் மருத்துவர் ராபர்ட் பாரனி.

தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றால், நாம நின்னாலும் பூமி நிக்காது இல்லையா? அந்தச் சுற்றலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று சோதித்துக் காட்டியவர்களில் இவரும் ஒருவர்.

பாரனி 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் வியன்னா நகரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். சின்ன வயசிலேயே எலும்புக் காசநோய் வந்து ஒரு முழங்கால் மடங்காமல் போயிற்று. ஆனாலும் டென்னிஸ் ஆடினார், மலை ஏறினார். படித்துக் காது மருத்துவர் ஆனார்.

அவர் நோயாளிகளின் காதில் தண்ணீர் பீச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. கண்மணி தானாக ஒரு பக்கம் இழுத்து இழுத்து ஆடியது. ஒரு நோயாளி, தண்ணீர் சில்லென்று இருப்பதால்தான் சுற்றுகிறது என்றார். அடுத்த முறை தண்ணீர் சூடாகிவிட்டது. அப்போது கண் எதிர்ப்பக்கமாக ஆடியது! பாரனி யோசித்தார். உலைப்பானையில் சூடான தண்ணி மேலே வரும், ஆறின தண்ணி கீழே போகும். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள நீரும் அப்படித்தான் நகர்கிறது. உடனே தலை அசையாமலே அசைந்ததாக மூளை எண்ணிக்கொள்கிறது. இந்தச் சோதனையால் எந்தக் காதில் கோளாறு என்று அறிய முடிந்தது.

இதற்காக 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் அறிவிப்பு வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி! ராணுவ மருத்துவராகப் போனவர் 1915-இல் பிடிபட்டிருந்தார். ஸ்வீடன் இளவரசர் கார்ல் முயற்சியால் 1916-இல் விடுதலையானார். பிறகு ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 8.4.1936 அன்று காலமானார்.

அவருக்குப் பின், 1940-களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்ற இருவர் தலைசுற்றலுக்கு உடற்பயிற்சிகள் வகுத்தார்கள். கண்ணை மேலும் கீழும் ஓட்டுவது, தலையைத் திருப்புவது, உட்கார்ந்து எழுவது, பந்தைக் கைமாற்றிப் பிடிப்பது, நடப்பது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. செய்யச் செய்ய மூளை பழகிக்கொள்ளும். பயந்து படுத்தே கிடந்தால் பழகாது.

எங்க ஆயா தலை சுத்துனா பித்தம்னு சொல்லி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சுட்டுப் படுத்துக்குவாங்க. விழுந்துடுவோமோன்னு இப்ப வாசலுக்கே வர்றதில்லை. தலைச்சுற்றலுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் முதலில் டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆயாவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லி அப்பாகிட்ட கேட்டிருக்கேன். உங்க வீட்டிலும் இப்படி யாராவது படுத்திருந்தால், நீங்களும் கேளுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி