இரும்பைக் குறைத்து வலிமை கண்ட ஈபெல்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் எந்திரத் தொழிலோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. நம் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து, ஓர் உறுப்பின் எவ்விடத்தில் எவ்வளவு விசை விழுகின்றது, எவ்விடத்தில் உலோகம் வேலையின்றி நிற்கின்றது என்பதை வண்ணப் படமாகவே காண்கின்றனர். காகிதத்தையும் அளவுகோலையும் துணைக்கொண்டு அதே வினாவுக்கு விடை தேடிய ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம்.

குஸ்தாவ் ஈபெல் பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் 1832-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். அவருடைய அன்னையார் நிலக்கரி வாணிகம் நடத்திய திறமைசாலி. ஈபெல் பாரிசில் பயின்றது வேதியியல். உறவினர் ஒருவரின் காடித் தொழிற்சாலையில் அவர் அமர்வார் என்பது வீட்டாரின் எண்ணம். குடும்பப் பூசலால் அது கைகூடவில்லை. அப்பூசலுக்கு உலகம் நன்றி பாராட்டத்தான் வேண்டும்!

1858-இல், 25 வயதிலேயே, போர்தோ நகரில் கரோன் ஆற்றின்மீது 500 மீட்டர் நீள இரும்புப் பாலம் அமைக்கும் பணியை மேற்பார்க்கும் பொறுப்பு அவரை அடைந்தது. பின்னர்ப் பாரிசை அடுத்த லெவல்லுவாவில் சொந்தப் பட்டறை நிறுவினார். 1877-இல் மனைவியார் மறைந்தார். ஐந்து மக்களுக்குத் தந்தையான ஈபெல் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அதே ஆண்டில்தான் போர்ச்சுகலின் டூரோ ஆற்றைக் கடக்கும் மரியா பியா பாலம் முடிவுற்றது. ஆற்றின் நடுவே தூண் நிறுத்த இயலாத இடம் அது. 160 மீட்டர் அகலத்தை ஒரே இரும்பு வளைவால் தாண்டினர். கூட்டாளியான சேரிக்குக்கு அவ்வடிவமைப்பில் பெரும்பங்கு உண்டு. 1884-இல் பிரான்சின் கராபி பள்ளத்தாக்கில் எழுந்த வளைவின் அகலம் 165 மீட்டர். இப்பாலங்களில் இரும்புத் தகட்டைச் சுவர்போல் நிறுத்தாமல், மெல்லிய சட்டங்களை முக்கோணங்களாகப் பின்னினர். பின்னலின் ஊடே காற்று புகுந்து போய்விடும், எடையும் குறையும். இரும்பைக் குறைத்தபோதே வலிமை கூடிற்று.

ஆனால் அப்பின்னலில் ஒவ்வொரு சட்டமும் தாங்கும் விசையைத் தனித்தனியே அறிந்தாக வேண்டும். 1879-இல் ஈபெலிடம் சேர்ந்த மோரிஸ் கெக்லின், விசைகளைக் கோடுகளாக வரைந்து அளக்கும் கலையைச் சூரிச் நகரில் கற்றவர். பாரிசுக் கோபுரத்தின் முதல் வரைபடம் 1884-இல் அவரும் எமில் நூகியேயும் தீட்டியதே. ஈபெல் முதலில் அதில் ஆர்வம் காட்டவில்லை. புகழ் முழுவதும் ஒருவர் பெயருக்கே போவது உலக இயல்பாதலின், இதைச் சொல்லிவைக்கின்றோம்.

1887 சனவரியில் தொடங்கிய வேலை 1889 மார்ச்சில் முடிந்தது. உறுப்புகள் 18,038, ரிவெட்டுகள் 25 இலட்சம். கலைஞர் பலர் அதை அழகற்றதெனக் கண்டித்தனர். கோபுரத்தின் கால்கள் வளைந்திருப்பதோ அழகுக்காக மட்டுமன்று. எவ்வுயரத்தில் காற்று எவ்வளவு தள்ளும் என்ற கணக்கே அவ்வளைவை வரைந்தது. 300 மீட்டர் உயரத்துக்கு இரும்பின் எடை 7,300 டன்தான். அதே விகிதத்தில் 30 சென்டிமீட்டர் உயரப் பொம்மை செய்தால், அது 7 கிராமுக்குச் சற்றே கூடுதலாக நிறுக்கும். ஐயமுள்ள மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கோபுரத்தில் 72 அறிஞர் பெயர்களைப் பொறித்தார் ஈபெல். நாவியே, கோஷி, லாமே முதலிய மீள்விசை அறிஞர்கள் அதில் உளர். தகடுகளின் அதிர்வை ஆராய்ந்து 1816-இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் பரிசு பெற்ற சோபி ஜெர்மேன் அம்மையாரின் பெயர் அதில் இடம்பெறவில்லை. இது குறையே.

கோபுரம் எழுந்த இரண்டாம் ஆண்டில் இடி விழுந்தது. 1891 சூன் 14, ஞாயிற்றுக்கிழமை. சுவிட்சர்லாந்தில் பாசெல் நகருக்கருகே மியூன்சென்ஸ்டைன் என்னுமிடத்தில், மக்கள் நிறைந்த இரயில் செல்லும்போது பாலம் முறிந்து ஆற்றில் வீழ்ந்தது. 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1875-இல் அப்பாலத்தைக் கட்டியது ஈபெலின் நிறுவனம்.

காரணத்தை ஆராய்ந்தோருள் டெட்மாயர் என்ற பேராசிரியர் முதன்மையானவர். இழுக்கப்படும் கம்பி அறும்வரை நேராக நிற்கும். அமுக்கப்படும் மெல்லிய கம்பியோ நசுங்குமுன்னே பக்கவாட்டில் நெளிந்து ஓடிவிடும். நெளிவுக்கு ஆய்லர் தந்த பழைய சூத்திரம், நடுத்தர நீளமுள்ள சட்டங்களுக்கு உண்மையைவிட மிகுந்த வலிமையைக் காட்டுகின்றது என்பதை டெட்மாயர் சோதனைகளால் நிறுவினார். எடை குறைப்போர் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம் இது.

ஈபெலின் கோபுரம் இயல்பாகவே தனித்தனிச் சட்டங்களால் ஆயது. ஆதலால் பகுத்துக் கணக்கிட முடிந்தது. விமானச் சிறகின் தகடு போன்ற ஒரே பரப்பை எப்படிப் பகுப்பது? அதை மனத்தால் சிறு முக்கோணங்களாக வெட்டி, அவை கூடும் முனைகளில் சமன்பாடுகள் எழுதி, எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்க்கும் வழியை 1956-இல் டர்னர், கிளப், மார்ட்டின், டாப் என்னும் நால்வர் வெளியிட்டனர். 1960-இல் கிளப் அதற்குப் பைனைட் எலிமெண்ட் முறை எனப் பெயரிட்டார். நம் இளைஞர் கையாள்வது இதுவே. எனினும் சாதாரண நிலைக் கணக்கு, நெளிவைத் தானாகச் சொல்லாது. தனியே கேட்டால்தான் சொல்லும். கேட்க மறந்தவர்க்கு வண்ணப்படம் நலமாகவே தோன்றும்.

ஈபெலின் துன்பம் அத்துடன் நிற்கவில்லை. பனாமாக் கால்வாய்க்கு நீர்க்கதவுகள் அமைக்க 1887-இல் ஒப்பந்தம் கொண்டிருந்தார். கால்வாய் நிறுவனம் நொடித்து, ஊழல் வழக்கு எழ, 1893-இல் இரண்டாண்டுச் சிறையும் 20,000 பிராங்க் தண்டமும் அவருக்கு விதித்தனர். வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்ததென்று மேல்நீதிமன்றம் அதை நீக்கிற்று. ஈபெல் தொழிலிலிருந்தே விலகினார்.

அப்போது வயது அறுபது. ஓய்ந்திருக்கலாம்; அவரோ தம் வாழ்நாட் பகையான காற்றை ஆராயப் புகுந்தார். கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து தகடுகளை விழச்செய்து காற்றின் எதிர்ப்பை அளந்தார். 1909-இல் கோபுரத்தின் அடியிலேயே காற்றுச் சுரங்கம் அமைத்தார். விமானச் சிறகைத் தூக்குவதில் கீழ்ப்புற அழுத்தத்தைவிட மேற்புற உறிஞ்சலுக்கே பங்கு மிகுதி என்பதை அங்கு அளந்து காட்டினார். இருபது ஆண்டுக்கே இசைவு பெற்றிருந்த கோபுரமும், கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டமையால் பிழைத்து, 1910-இல் நீண்ட இசைவு பெற்றது.

1912-இல் ஆய்வுக்கூடத்தை ஒத்தேய் என்னும் பகுதிக்கு மாற்றினார். 1923 டிசம்பர் 27-ஆம் நாள், 91-ஆம் வயதில் ஈபெல் மறைந்தார். பட்டறை இருந்த லெவல்லுவாவிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.