பூமியின் உஷ்ணத்தைக் கணக்கிட்ட மேதை

1894-ம் ஆண்டு. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள். ஸ்வீடன் நாட்டில் வீட்டுக்கு வீடு பண்டிகைக் கோலாகலம்.

அந்த நாளில் 35 வயது விஞ்ஞானி ஒருவர், காகிதமும் பேனாவுமாக ஒரு கணக்கைத் தொடங்கினார். அதை முடிக்க அவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது!

அவர்தான் ஸ்வாந்தே அர்ரீனியஸ். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமியின் உஷ்ணம் எவ்வளவு கூடும் என்று முதன்முதலில் கணக்கிட்டவர்.

கணக்குப் புலி

அர்ரீனியஸ் 1859-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி, உப்சாலா நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை நிலம் அளக்கும் உத்தியோகஸ்தர். மூன்று வயதிலேயே சிறுவன் தானாகப் படிக்கக் கற்றுக்கொண்டான். தந்தை கணக்கு எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே கணக்கில் புலியாகிவிட்டான்.

ஆனால், வளர்ந்ததும் ஒரு பெரிய அடி விழுந்தது. கரைசல்களில் மின்சாரம் பாய்வது பற்றி ஆராய்ந்து, 1884-ல் டாக்டர் பட்டத்துக்குக் கட்டுரை கொடுத்தார். உப்சாலா பேராசிரியர்கள் அதை மெச்சவில்லை. மட்டமான மார்க்குப் போட்டுத் தேற வைத்தார்கள்.

அர்ரீனியஸ் சோர்ந்துவிடவில்லை. கட்டுரையை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். அதைப் படித்து வியந்த ஓஸ்ட்வால்ட் என்ற மேதை, ரீகா நகரிலிருந்து உப்சாலாவுக்கே வந்து அவரைச் சந்தித்தார். அந்த ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த கொள்கைக்காக 1903-ல் அர்ரீனியசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை.

கண்ணுக்குத் தெரியாத போர்வை

அவர் கணக்குப் போட உட்கார்ந்தது எதற்காக?

ஒரு காலத்தில் ஐரோப்பாவின் வடபகுதி முழுவதும் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. பிறகு பனி உருகியது. இந்த மாறுதலுக்குக் கரியமில வாயு காரணமாக இருக்குமோ என்று அவர் ஐயுற்றார்.

சூரிய ஒளி காற்றை ஊடுருவி வந்து தரையைச் சூடாக்குகிறது. சூடேறிய தரை, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை வெளியே விடுகிறது. காற்றில் மிகுதியாக உள்ள நைட்ரஜனும் பிராண வாயுவும் அவற்றைத் தடுப்பதில்லை. கொஞ்சமே உள்ள கரியமில வாயுவும் நீராவியும் அவற்றைப் பிடித்து, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி விடுகின்றன. பூமிக்கு இது ஒரு போர்வை.

அர்ரீனியஸ் பூமியைப் பத்துப் பத்து டிகிரி வளையங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும், நான்கு பருவங்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார். அந்த நாட்களில்தான் அவருடைய குடும்ப வாழ்க்கையும் உடைந்தது. மனைவி சோபியா பிரிந்து போனார். கைக்குழந்தையும் தாயுடன் போய்விட்டது. கணக்கு மட்டும் நிற்கவில்லை.

1896-ல் முடிவு வெளியாயிற்று. கரியமில வாயு பாதியாகக் குறைந்தால் உஷ்ணம் 4 அல்லது 5 டிகிரி குறையும். இரட்டிப்பானால் 5 அல்லது 6 டிகிரி கூடும்.

அவர் கண்ட கனவு

தொழிற்சாலைகள் எரிக்கும் நிலக்கரியாலும் இந்த வாயு பெருகும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அஞ்சவில்லை, மகிழ்ந்தார்! குளிரில் நடுங்கும் தேசத்தில் பிறந்தவர் அல்லவா? பூமி சூடானால் குளிர் நாடுகள் செழிக்கும், விளைச்சல் பெருகும் என்று நம்பினார். அதுவும் உடனே நடக்காது, ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகும் என்பது அவர் முதலில் போட்ட மதிப்பு.

மற்ற விஞ்ஞானிகள் பலர் அவர் கணக்கை ஒதுக்கினார்கள். 1927-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி அர்ரீனியஸ் காலமானார்.

1958-ல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் கரியமில வாயுவை இடைவிடாமல் அளக்கத் தொடங்கினார்கள். வருஷத்துக்கு வருஷம் அது ஏறியது. ஆலைகள் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்தது, 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. இரட்டிப்பானால் சுமார் 3 டிகிரி உஷ்ணம் கூடும் என்பது இக்கால விஞ்ஞானிகளின் மதிப்பு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒற்றை மனிதர் கையால் போட்ட கணக்கு அதை நெருங்கி வந்துவிட்டது.

எண்களைப் பிசகாமல் கூட்டத் தெரிந்தவர் அவர். மனிதன் இத்தனை வேகமாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பான் என்பதுதான் அவர் கணக்கில் வராமல் போயிற்று.